ஏரிமேல் கூப்பிட்ட பெயர்கள்

விடிவதற்கு முன்பே பரிசல்கள் நடந்து வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கவிழ்த்த கருப்பு வட்டங்கள், அவற்றுக்குக் கீழே இரண்டிரண்டு கால்கள். மூங்கில் பிளாச்சால் பின்னி, சாக்குப் போர்த்தி, தார் பூசிய பரிசல். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, சரளைமேட்டிலிருந்து தண்ணீர் வரை இறங்க வேண்டும். பனியில் கல் வழுக்கும். தை மாதத்தில் கல்லாத்து அணைத் தண்ணீரில் காலை வைத்தால் குளிர் எலும்பு வரை போகும். பதினோரு பேர் அதில் போய் விழுவதற்காகத்தான் அந்நேரத்துக்கு வந்தார்கள்.

விழுவதுதான் வேலை.

எங்கேயோ ஒரு கடல் இருக்கிறது. இரண்டு நாடுகள் அதைத் தங்களுடையது என்கின்றன. அந்தக் கடலை ஆள் வைத்துக் காவல் காக்க முடியாது என்று ட்ரோன் பறக்கவிடப் போகிறார்கள். எது படகு, எது அலை, யார் நீந்துகிறார், யார் மூழ்குகிறார் என்று ட்ரோனுக்குள் இருக்கும் மெஷின் படம் பார்த்துப் படிக்க வேண்டும். கடலில் போய்ப் படம் எடுத்தால் வம்பு. அதனால் எங்கள் கம்பெனி நல்லம்பள்ளி தாண்டி இருக்கும் இந்த அணை ஏரியை ஆறு மாதத்துக்குக் குத்தகை எடுத்தது. அன்றைக்கே மீன் பிடிக்கத் தடை வந்தது. வலையைச் சுருட்டிக் கூரையில் போட்டவர்களிடம், "அந்நிய நாட்டு மீனவனா நடிக்க வர்றீங்களா?" என்று கேட்டார்கள். வேறு என்ன வேலை இருக்கிறது? வந்தார்கள்.

கடற்கரையிலிருந்து லாரியில் இரண்டு ஃபைபர் படகுகள் வந்தன. தண்ணீரில் சிவப்பு மிதவைகளைக் கயிற்றில் கோத்து எல்லை போட்டார்கள். எல்லையைத் தாண்டிப் படகு போகும். ட்ரோன் மேலே வந்து நிற்கும். இவர்கள் பயந்து திரும்ப வேண்டும், குதிக்க வேண்டும், படகைக் கவிழ்க்க வேண்டும், மூழ்க வேண்டும். கரையில் நின்ற வேனுக்குள் நான் உட்கார்ந்து, திரையில் தெரியும் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கட்டம் போட்டு, அது என்ன என்று பெயர் கொடுப்பேன்.

எனக்குக் கடத்தூர். இரண்டு வருடமாக பெங்களூரில் இதே வேலை. சிக்னல் விளக்குக்குக் கட்டம், மாட்டுக்குக் கட்டம். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை இங்கே அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறினால் எங்கள் வீடு. ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. வெளியே வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "ஏசி ரூம்ல சளி புடிச்சுக்கப் போவுது, தலைக்குத் துணி கட்டிக்க சசி" என்பாள். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா" என்பேன்.

முதல் மாதம் எல்லோருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தார்கள். காப்பாற்றுவதற்கென்று ஒரு பரிசலும் நின்றது, அதில் சென்னப்பன். அந்த ஏரியில் மூத்த ஆள் அவர்தான். வீட்டில் கன்னடம். எதையாவது வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் "பேடா" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் தமிழாக மாறவே இல்லை.

இரண்டாவது மாதம் எங்கள் மேலாளர் அருண்குமார் எல்லோரையும் கரையில் கூட்டினார்.

"ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்துடுங்க. மெஷின் ஆளைப் பாக்கல, ஆரஞ்சு கலரைப் பாக்குது. அந்தக் கடல்ல எவன் ஜாக்கெட் போட்டுக்கிட்டு மீன் புடிக்கிறான்?"

ராமக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பதினோரு பேரில் பரிசல் ஓட்டும் ஒரே பொம்பளை அவள்தான். "அப்ப நாங்க முழுவிட்டா?"

"முழுகறதுக்குத்தானக்கா கூலி."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பாற்றும் பரிசலும் படத்தில் விழுகிறது என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

"இன்னொண்ணு" என்றார் அருண்குமார். "தண்ணிக்குள்ள மைக் போட்டிருக்கோம், எஞ்சின் சத்தத்தைப் புடிக்க. நீங்க அப்பப்போ கத்தறீங்களே, அது வேணாம்."

அந்த ஏரியில் பேர் கூப்பிடுவது என்று ஒரு வழக்கம். பனி மூடி ஒருவரை ஒருவர் தெரியாத காலையில் ஒரு பரிசல்காரர் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவார். அவர் "ஓய்" என்று பதில் சொல்லி, தனக்கு அடுத்தவரைக் கூப்பிடுவார். கடைசி ஆள் முதல் ஆளைக் கூப்பிட்டால் வட்டம் முடியும். எங்காவது பதில் வரவில்லை என்றால், வலை கிழிந்தாலும் சரி, எல்லாப் பரிசலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

சென்னப்பன் சொன்னார், "அது கத்தறது இல்லீங்க சார். ஆளு இருக்குதான்னு பாக்கறது."

"அதைப் பாக்கத்தான் நாலு ட்ரோன் பறக்குது. உங்க தொண்டையை விட அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"பேடா சார். இது மட்டும் பேடா."

"அப்போ வேலையும் பேடாவா?"

மறுநாளிலிருந்து ஏரி ஊமையானது.

சவுரியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது, முன்பல் ஒன்று கிடையாது. மூழ்கச் சொன்னால் அவர் கூத்தே கட்டுவார். இரண்டு கையையும் விரித்து ஆட்டுவார், மூக்கைப் பிடித்துக்கொள்வார், வாய் நிறைய தண்ணீரை எடுத்து மேலே பீய்ச்சுவார். மெஷின் ஏமாறாது. 'மூழ்குகிறார்' என்பதற்கு அவருக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கொடுத்ததே இல்லை. நனைந்த லுங்கியைப் பிழிந்துகொண்டு வேன் வாசலுக்கு வருவார்.

"எத்தன மார்க்கு போட்டுச்சு பாப்பா?"

"முப்பத்தெட்டு."

"பாத்தியா! பள்ளிக்கூடத்துலயும் பெயிலு. சாவறதுக்கும் பெயிலு."

அவருடைய மனைவி லூர்து மேரி மேட்டில் கட்டன் காப்பியோடு நின்றுகொண்டு, "மெஷினுக்கே தெரியுது, இந்த மனுசன் லேசுல போவமாட்டாருன்னு" என்பாள்.

அந்தப் புதன்கிழமை சிக்னலைத் தடுக்கும் சோதனை. எதிரி நாட்டுக்காரன் சிக்னலை அடைத்துவிட்டால் ட்ரோன் தானாக முடிவெடுக்குமா என்று பார்க்க வேண்டும். ஏழரை மணிக்குக் கருவியைப் போட்டார்கள். அணையைச் சுற்றி எல்லார் போனும் செத்தது. ஒரு ட்ரோனிலிருந்து வேனுக்கு இறங்கிய கம்பியும், வேனிலிருந்து வெளியே போகும் கம்பி இணைப்பும் மட்டும் உயிரோடு இருந்தன. அதில் வாடிக்கையாளர்கள் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நாற்பதுக்கு ஃபைபர் படகு கவிழ்ந்தது. பரிசல் கவிழ்ந்தால் அது கூடை மாதிரி மிதக்கும், விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில்தான் சவுரியப்பன் படகின் விளிம்பைப் பிடிக்கப் போயிருக்கிறார். ஃபைபர் படகு புரண்டு, அதன் பக்கவாட்டு அவர் நெற்றியில் அடித்தது. மிதவைக் கயிறு காலில் சுற்றிக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது திரையில் நான் பார்த்தது ஒரு தலை. கையை ஆட்டவில்லை. தண்ணீரைப் பீய்ச்சவில்லை. முகம் வானத்தைப் பார்த்திருந்தது, வாய் தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. ஏணியில் ஏறுகிற மாதிரி கைகள் இரண்டும் தண்ணீரை மெல்ல அழுத்தின.

அடடா, இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

மெஷின் அலறியது. திரையில் சிவப்புக் கட்டம் துடித்தது. மூழ்குகிறார், தொண்ணூற்றேழு.

"யெஸ்!" என்று அருண்குமார் கைதட்டினார். "தொண்ணூத்தி ஏழு! சிக்னல் இல்லாமலே! பாத்தியா சசி, இதாம்மா டெலிவரி!" போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.

நான் கட்டம் போட்டேன். பெயர்ப் பட்டியலில் முதலில் இருப்பது 'நடிப்பு'. அதை அழுத்தினேன்.

தண்ணீரில், நாலைந்து துடுப்புப் போடும் தூரத்தில், ராமக்காள் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் போடக்கூடாதே. கோவிந்தனுக்குக் கையைக் காட்டினாள்: பாரு, நம்ம ஆளு பாஸாயிட்டாரு.

விசில் அடித்தது. பத்துப் பேர் கரையேறினார்கள். யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற வழக்கத்தைத்தான் நிறுத்தியாகிவிட்டதே. சென்னப்பன் மட்டும் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலில் கூப்பிட்டார்.

"சவுரியப்பா!"

பதில் இல்லை.

எல்லாப் பரிசலும் திரும்பிப் போய், அவரைக் கயிற்றிலிருந்து விடுவித்துக் கரையில் போட்டு நெஞ்சை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. ஆள் வரவில்லை. கோவிந்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினான். "ஒரு கோடுகூடக் காட்டலீங்களே! சார், சிக்னல விடுங்க சார்! நூத்தியெட்டுக்கு அடிக்கணும்!"

"ஆஃப் பண்ணுங்க சார்!" என்று நானும் கத்தினேன்.

அருண்குமார் வேன் படியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சொன்னது இதுதான். "கிளையண்ட் லைவ்ல இருக்காங்க. பாதியில நிறுத்தினா மொத்த டேட்டாவும் போச்சு. இருபது நிமிஷம். பைக்ல யாராவது ரோட்டுக்குப் போய்ப் பேசுங்க."

கோவிந்தன் பைக்கில் போனான். சரளைப் பாதையில் நாலு கிலோமீட்டர் தாண்டித்தான் போனில் கோடு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது லூர்து மேரி அவருடைய தலையை மடியில் வைத்து, நெற்றி வெட்டில் ஒட்டியிருந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அருண்குமார் மாலையோடும் ஒரு தாளோடும் அவள் வீட்டுக்குப் போனார். நானும் போக வேண்டியிருந்தது.

"ஒரு கையெழுத்து மட்டும்மா. அன்னிக்கு அவரு கம்பெனி நேரத்துக்கு முன்னாடியே சொந்தமா மீன் புடிக்கப் போயிட்டாருன்னு. போட்டீங்கன்னா கம்பெனி மனசு வச்சு ஏதாவது செய்யும்."

லூர்து மேரி தாளை வாங்கி முழுதாகப் படித்தாள். பிறகு கூரையைக் காட்டினாள்.

"அதோ கெடக்குது பாருங்க சார் வல. எலி வூடு கட்டியிருக்குது அதுல. வலையில்லாம எதுல புடிச்சாரு? லுங்கியிலயா?"

"அம்மா, இது நாட்டுப் பாதுகாப்பு விஷயம். வெளிய போனா எல்லாருக்கும் பிரச்சினை."

"எந்த நாடு சார்? ரெண்டு நாட்டுக்காரனும் என்னுதுன்னு சண்ட போடற கடலாம். அதுக்கு இந்த ஊரு ஏரியில என் வூட்டு ஆளு எதுக்கு சாவணும்?"

தாளை மடித்து, மாலையின் மேல் வைத்து, இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

சாயங்காலம் பரிசல் காயவைக்கிற மேட்டில் எல்லோரும் கூடினார்கள். நான் ஓரமாக நின்றேன். கோவிந்தன்தான் முதலில் பேசினான்.

"எதுத்துக்கிட்டா தண்ணி பக்கமே விடமாட்டானுவ. பொண்ண காலேஜில சேத்திருக்கறேன். நாளைக்கு நான் எங்க போறது?"

"நீ போ" என்றாள் ராமக்காள். "போயி முழுவு. நான் பாத்துச் சிரிக்கறேன்." பிறகு சட்டென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "சிரிச்சேனே... கையெட்டற தூரத்துல அந்த மனுசன் போயிட்டிருக்கறாரு, நான் சிரிச்சேனே..."

யாரும் அவளைத் தேற்றவில்லை. ஒவ்வொருவரும் அன்றைக்கு எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்புடறத நிறுத்தச் சொன்னான். நிறுத்தினோம்" என்றார் சென்னப்பன். "அவன் சொன்னது தப்பு. நாம கேட்டது அதவிடத் தப்பு."

என் வாய் தானாகத் திறந்தது. "நான் பாத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"திரையில பாத்தேன். மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் நடிப்புன்னு போட்டேன்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். லூர்து மேரி ஒன்றே ஒன்று கேட்டாள். "எத்தன நேரம்?"

"நாலு நிமிஷம் பத்து செகண்டு."

அவள் ஏரியைப் பார்த்தாள். மனதுக்குள் துடுப்புப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அதுக்குள்ள ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "இத எங்க வந்து வேணுமின்னாலும் சொல்லுவியா பாப்பா?"

கையெழுத்துப் போட்ட தாள் கண்ணில் வந்தது. ஜெயில் வந்தது. தலைக்குத் துணி கட்டிக்க என்கிற அம்மா வந்தாள்.

"தெரியலக்கா" என்றேன். அந்த நேரத்தில் உண்மை அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் காலை வேனில் அருண்குமார் அந்தப் பதிவைப் பெரிய திரையில் ஓடவிட்டார். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை.

"மூணு மாசம் எடுத்ததுல இதுதான் பெஸ்ட்டு. இதுலதான் மெஷின் கத்துக்கிச்சு. வியாழக்கிழமை பெரிய ஆளுங்க நேர்ல வர்றாங்க. இதே சீன் வேணும், இதே இடத்துல. கோவிந்தனைப் போடலாம், அவன் ஒல்லி, தலை சின்னதாத் தெரியும். சசி, இதுக்கு 'சிறந்த மாதிரி ஒண்ணு'ன்னு பேர் வச்சு அனுப்பிடு."

"சார், இதுல நடிப்புன்னு இருக்கு."

"இருக்கட்டும்."

"நிஜம் சார் இது."

"நிஜம்னு மாத்தினா கேஸு. நடிப்புன்னு இருந்தா மாதிரி. புரியுதா?"

திரையில் சவுரியப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தன மார்க்கு பாப்பா என்று கேட்கிற முகம் இல்லை அது. பட்டியலைக் கீழே இழுத்தேன். கடைசியில் ஒரு பெயர், மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் தொடாதது: 'நிஜம்'. அழுத்தினேன். காரணம் என்று இருந்த கட்டத்தில் எழுதினேன்: சவுரியப்பன், வேலை நேரத்தில், ஜாக்கெட் இல்லாமல், காப்பாற்ற ஆள் இல்லாமல் இறந்தார். பார்த்தது நான், சசிகலா. 'அனுப்பு' என்பதையும் அழுத்தினேன்.

யார் மாற்றினார்கள், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பது அதோடு சேர்ந்தே வாடிக்கையாளர்களுக்குப் போகும். போனதை இங்கிருந்து அழிக்க முடியாது.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்று அவர் பாய்ந்து வந்தார். "உள்ள போயிடுவ. தெரியுமா? உங்க வீட்டு அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு."

"எங்கிட்டயும் இருக்கு சார். ரெண்டு பஸ்ஸு மாறணும்."

தைரியத்தில் சொன்னது இல்லை. பயத்தில் வாய் உளறியது. ஆனால் வேனை விட்டு இறங்கினேன். இறங்கி, நாலு நிமிஷம் பத்து செகண்டையும் ஒரு நோட்டுத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, லூர்து மேரியிடம் கொடுத்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் பண்ணி, நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். "சாப்ட்டியா?" என்றாள்.

வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே பரிசல்கள் நடந்து வந்தன. கரையில் ஷாமியானா, நாற்காலிகள், இரண்டு வெள்ளைக் கார்கள். வந்தவர்கள் கையில் பிளாஸ்க் டீ. ஃபைபர் படகு தயாராக நின்றது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. பரிசல்களைத் தண்ணீரில் இறக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கயிறு கட்டினார்கள். கோவிந்தன் கடைசியாக வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் தன் பரிசலைக் கட்டினான்.

நான் கரையில் நின்றேன். லூர்து மேரி சவுரியப்பனின் பரிசலில் உட்கார்ந்திருந்தாள். "எடம் இருக்குது" என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது. ஏறினேன். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது.

"கோவிந்தா, ஃபைபர்ல ஏறு!" அருண்குமார் மைக்கில் கத்தினார். "சென்னப்பன், நேரமாச்சு! அவங்களை ஏறச் சொல்லுங்க!"

சென்னப்பன் எழுந்து நின்றார். "பேடா."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஜாக்கெட்டு. காப்பாத்த ஒரு பரிசலு. ஆளு தண்ணியில இருக்கறப்ப சிக்னல அடைக்கக்கூடாது. பேரு கூப்புடுவோம், அத எவனும் நிறுத்தச் சொல்லக்கூடாது. சவுரியப்பன் வேலையிலதான் செத்தான்னு எழுதிக் குடுங்க. அது வரைக்கும் எவனும் முழுவமாட்டான்."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க" என்றாள் ராமக்காள். "இன்னைக்கு சிக்னலு இருக்குதில்ல?"

அவர் போனை எடுத்தார். உண்மையாகவே கூப்பிட்டார். நாற்காலியில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். நாலு ட்ரோன்களும் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றன. காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஓடியது. மெஷின் எங்களை என்னவென்று பார்த்திருக்கும் என்று தெரியவில்லை. அதற்குக் கட்டம் போட வேனில் ஆள் இல்லை.

சென்னப்பன் அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்தார்.

"சவுரியப்பா!"

மைக் போட்ட தண்ணீர் முழுக்க அந்தப் பெயர் போனது. பதில் இல்லை. ஏரி வழக்கம் என்னவோ அதைச் செய்தார்கள். பதினோரு துடுப்பும் ஒன்றாக இறங்கின. கட்டிய பரிசல்கள் மொத்தமும் மெல்லத் திரும்பி, சிவப்பு மிதவையைத் தாண்டி, அவர் கிடந்த இடத்தை நோக்கிப் போயின. கரையில் யாரோ ஓடுவது கேட்டது. சாலைப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

அந்த இடத்துக்கு வந்ததும் துடுப்புகள் நின்றன. லூர்து மேரி அவர் பரிசலில் அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஓய்!"

பதில் சொன்னவர் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். அவள் ராமக்காளைக் கூப்பிடவில்லை, கோவிந்தனைக் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பாமல், ஏரியைப் பார்த்து, ஏதோ நான் பனிக்கு அப்பால் எங்கோ தொலைவில் இருக்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"சசிகலா!"

பரிசல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஓய்!" என்றேன். "ராமக்கா!"